ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்

நெல்லிவாசல்நாட்டில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மனு எழுதிக்கொண்டிருந்தேன். சாதிச் சான்று, பட்டா, முதியோர் பணம் என்று வரிசையாக வந்தார்கள். கடைசியாக ஒரு அக்கா வந்தார். மலையாளிப் பழங்குடிப் பெண். சவ்வாது மலையில் வேறொரு சிற்றூரிலிருந்து நடந்தே வந்திருந்தார். பால்வாடியில் ஒன்பது வருசம் பிள்ளைகளுக்குப் பொங்கிப்போட்டவர். அரிசி குறைகிறது என்று ஒருநாள் வாய்வார்த்தையாக நிறுத்திவிட்டார்கள். எந்த ஊர், எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. அந்த அக்கா அங்கேதான் வாழ்ந்தாக வேண்டும்.

"வேல போனா போவுது தம்பி, கூலிக்குப் போயிக்குவேன். எங்க ஊர்ல கோழி திருடுனவனக்கூட நடுவுல நிக்க வெச்சி, இன்னாடா சொல்றன்னு கேப்பாங்க. என்ன ஒரு வார்த்த கேக்கல. 'நீதான எடுத்த'ன்னாங்க. வாயத் தெறக்கறதுக்குள்ள 'நாளையிலருந்து வராத'ன்னுட்டாங்க."

கேள்விதான் கேட்டிருக்கிறார்களே என்று எனக்கு ஒரு நிமிசம் தோன்றியது. அப்புறம்தான் உறைத்தது. கேள்வி கேட்பது வேறு, விசாரிப்பது வேறு.

1723இல் இங்கிலாந்தில் பென்ட்லி என்கிற அறிஞரின் வழக்கு. அவரை விசாரிக்காமலே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பட்டங்களைப் பறித்திருந்தது. கடவுள்கூட ஆதாமைத் தோட்டத்திலிருந்து துரத்துமுன் அவன் தரப்பைக் கேட்டார் என்றார் ஒரு நீதிபதி. எல்லாம் அறிந்த கடவுளுக்கு விசாரணை எதற்கு? உண்மையைக் கண்டுபிடிக்க மட்டும்தான் விசாரணை என்றால் அவருக்கு அது தேவையே இல்லை. எதிரே நிற்கிறவன் பதில் சொல்லத் தகுந்த மனிதன் என்று ஒப்புக்கொள்வதும் விசாரணைதான்.

இந்த நாட்டுக் கதைக்கு வாருங்கள். உத்தரகாண்டத்தில் இராமனும் சம்பூகனிடம் கேள்வி கேட்கிறான். நீ எந்த வருணம்? சூத்திரன் என்று பதில் வந்ததும் தலை உருள்கிறது. அங்கே பதில்தான் குற்றம். 1917இல் பரோடா சமஸ்தான வேலைக்குப் போன அம்பேத்கர், தங்க இடம் கிடைக்காமல் பார்சிப் பெயரில் ஒரு பார்சி விடுதியில் இருந்தார். பதினோராம் நாள் தடிகளோடு வந்த கூட்டமும் நீ யார் என்று கேட்டது. அவர் வாய் திறக்கவில்லை. என்ன சொல்லியிருந்தாலும் முடிவு மாறியிருக்காது. டிஸ்மிஸ் ஆர்டர் யாரும் போடவில்லை, வேலை போய்விட்டது. மலைமேல் அந்த அக்காவிடம் கேட்டதும் இதே சாதிக் கேள்விதான்.

அம்பேத்கர் தலைமையில் வரைந்த அரசியல் சட்டத்தில் 311ஆம் பிரிவு இருக்கிறது. அரசுப் பதவியில் இருப்பவரை நீக்குமுன் குற்றச்சாட்டைச் சொல்ல வேண்டும், விசாரிக்க வேண்டும், பதில் சொல்ல நியாயமான வாய்ப்புத் தர வேண்டும். என்ன தண்டனை என்பதிலும் ஒருமுறை கேட்க வேண்டும் என்றிருந்ததை 1976இல் 42ஆவது திருத்தம் எடுத்துவிட்டது. விசாரணை நடைமுறையில் சாத்தியமில்லை, அரசின் பாதுகாப்பு என்றெல்லாம் விதிவிலக்குகள் முன்பே உண்டு. துளசிராம் பட்டேல் வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம் அவற்றை உறுதி செய்தது.

2003 ஜூலையில் தமிழ்நாட்டில் வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 1,70,000 அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் ஜெயலலிதா அரசு ஒரு அவசரச் சட்டத்தைக் காட்டி விசாரணையே இல்லாமல் டிஸ்மிஸ் செய்தது. உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு, மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதி வாங்கிக்கொண்டு பெரும்பாலோரைத் திரும்பச் சேர்த்தார்கள். உன் நியாயம் என்ன என்று கேட்காமலே மன்னிப்பு வாங்கினார்கள்.

அவர்களாவது 311க்கு உள்ளே இருந்தவர்கள். அங்கன்வாடி ஊழியர் வகிப்பது அரசுப் பதவியே அல்ல என்று 2006இல் அமீர்பீ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒப்பந்தத்தில் சாக்கடை அள்ளுகிறவருக்கும் அந்தப் பிரிவு கிடையாது. சட்டத்துக்குள்ளேயே ஊர் ஒன்று, சேரி ஒன்று. சேரிப் பக்கம் நிற்பவர்களில் அதிகம் பேர் தலித்துகள், பழங்குடிகள், பெண்கள். இயற்கை நீதி என்று சொல்லி அவர்களும் வழக்குப் போடலாம். மலையிலிருந்து இறங்கிச் சென்னைக்குப் போய் வக்கீல் வைப்பது யார்?

இனி நமக்குள் பேச வேண்டியது. வன்கொடுமைக்குத் துணைபோன அதிகாரியை 'உடனே டிஸ்மிஸ் செய்' என்று எத்தனை ஆர்ப்பாட்டத்தில் கத்தியிருக்கிறோம்! அந்தத் தட்டியை எழுதிய கை இது. அவனுக்கும் விசாரணை உரிமை உண்டா? உண்டு என்று சொல்ல எனக்குக் கசக்கிறது. 17பி மெமோ கொடுத்துவிட்டு வருசக்கணக்கில் இழுப்பார்கள். விசாரணை அதிகாரி அவனுக்கு வேண்டியவனாக இருப்பான். இதெல்லாம் பார்த்தவர்கள்தானே நாம்.

ஆனால் விசாரணை நாடகமாகிறது என்பதற்காக விசாரணையையே ஒழிக்கச் சொன்னால் லாபம் யாருக்கு? கேட்காமல் தண்டிக்கும் அதிகாரத்தை அரசின் கையில் கொடுத்தால் அது முதலில் அதிகாரி மேலா பாயும்? 2015 ஏப்ரல் 7இல் சேசாசலம் காட்டில் ஆந்திரப் போலீசு சுட்டுக் கொன்ற 20 பேரில் சவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். செம்மரம் வெட்ட வந்தார்கள் என்றது போலீசு. தண்டனை முந்திக்கொண்டது, இனி யாரிடம் போய்க் கேட்பது?

அதிகாரியைச் சஸ்பெண்டு செய்யச் சொல்வோம். அது தண்டனை ஆகாது. கடமை தவறிய அரசு ஊழியருக்கு 6 மாதம் முதல் 1 வருடம் வரை சிறை என்கிற வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவைப் போடச் சொல்வோம். விசாரணையில் பாதிக்கப்பட்டவரையும் உட்கார வைத்துக் கேட்கச் சொல்வோம். அவனைக் கேட்காமல் அனுப்பச் சொன்னால், அக்காவைக் கேட்காமல் அனுப்பியதை எந்த வாயால் தட்டிக் கேட்பது?

மனுவில் வழக்கம்போல 'கருணைகூர்ந்து மீண்டும் வேலை வழங்குமாறு' என்று எழுதிப் படித்துக் காட்டினேன். அக்கா தலையாட்டவில்லை.

"கருணலாம் வேணா தம்பி. அரிசிக் கணக்கு நோட்ட கொண்டாரச் சொல்லு. நானும் வரேன், எதுர்ல வெச்சிக் கேக்கச் சொல்லு. அப்புறமும் தப்புன்னா போயிக்கிறேன்."

அடித்துவிட்டு அப்படியே எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை. அடுத்த ஆர்ப்பாட்டத்துக்கு நான் எழுதப்போகும் தட்டி இதுதான்: உடனே விசாரி. எல்லோர் முன்னாலும் விசாரி. எங்களையும் கேள்.