கழிப்பதும் கொடுப்பதும்

பரணும் பெட்டியும் நிறைந்து, இனி வைக்க இடமில்லை என்ற நிலை வரும்போதுதான் நம்மில் பலருக்குத் தானத்தின் நினைவு உண்டாகிறது. சாயம் போன துணிகளும், ஓட்டைப் பாத்திரங்களும், கால் ஒடிந்த நாற்காலியும் வீட்டு வேலை செய்பவரிடமோ அனாதை விடுதியிலோ சேர்க்கப்பட்ட அன்று மாலை, வீடும் சுத்தமாயிற்று, புண்ணியமும் சேர்ந்தது என்ற இரட்டைத் திருப்தியோடு உட்காருகிறோம். அந்தத் திருப்திக்கு நாம் உரியவர்கள்தானா என்று விசாரிப்பது, தர்மத்தில் நாட்டமுள்ள எவருக்கும் கடமையாகும்.

கடோபநிஷதத்தின் கதை இந்த விசாரத்திலேயே தொடங்குகிறது. தம் உடைமை அனைத்தையும் வழங்கிவிட வேண்டிய வேள்வியைச் செய்த வாஜசிரவசர், நீர் குடித்து ஓய்ந்து, புல் மேய்ந்து ஓய்ந்து, பால் வற்றிப்போன கிழப்பசுக்களைத் தக்ஷிணையாக ஓட்டிவிட்டபோது, பாலகனான நசிகேதஸின் உள்ளத்தில் சிரத்தை புகுந்தது. இத்தகைய தானம் செய்பவன் ஆனந்தமற்ற உலகங்களையே அடைவான் என்று கலங்கிய அச்சிறுவன், தன்னை யாருக்குத் தரப்போகிறார் என்று தந்தையை மீண்டும் மீண்டும் கேட்டு, அவர் சினத்தினால் யமனுக்கே கொடுக்கப்பட்டான். கறவை நின்ற பசுவைப் பெற்றவனுக்குக் கிடைத்தது தீனி போடும் பாரம் ஒன்றே. ஒடிந்த நாற்காலியைப் பெறும் ஏழைக்கும் அதை எங்கே எறிவது என்ற சங்கடத்தையே நாம் தானம் செய்கிறோம்.

அதனால் பழையவற்றையெல்லாம் போகித் தீயில் இட்டுவிடுவதே நேர்மை என்று முடிவு செய்தலும் பொருந்தாது. கோசாம்பி மன்னன் உதயணனின் அந்தப்புர மகளிர் புத்தரின் சீடரான ஆனந்தருக்கு 500 மேலாடைகளை வழங்க, ஒரு துறவிக்கு இத்தனை ஆடை எதற்கு என்று மன்னன் ஐயுற்றுக் கேட்ட வரலாற்றை வினய பிடகம் சொல்கிறது. கந்தலுடுத்த பிக்ஷுக்களுக்குப் பகிர்ந்தளிப்பதாகவும், அவர்கள் களைந்த ஆடை விரிப்பாகவும், நைந்த விரிப்பு தரைவிரிப்பாகவும், அதுவும் நைந்தால் கால் துடைக்கும் துணியாகவும், பின்னர் தூசி தட்டும் துணியாகவும் பயன்பட்டு, இறுதியில் களிமண்ணோடு பிசைந்து தரை மெழுகப்படும் என்றும் ஆனந்தர் விடையளித்தார். மகிழ்ந்த மன்னன் மேலும் 500 ஆடைகளை அளித்தான். பாட்டியின் நைந்த நூற்புடவை பேரனுக்குத் தூளியாகவும், பிறகு அடுப்பங்கரையில் கரித்துணியாகவும் உழைத்த நம் வீடுகளிலும் இந்த ஞானம் குடியிருந்ததுண்டு.

வாஜசிரவசர் கொடுத்ததும் பழையது, ஆனந்தர் காத்ததும் பழையது. முன்னவர் தம் பாரம் நீங்குவதை எண்ணினார். பின்னவர் பொருளில் எஞ்சிய பிரயோஜனத்தையும் அது யாருக்கு உதவும் என்பதையும் எண்ணினார். சிரத்தையோடும் நாணத்தோடும் கொடுக்க வேண்டும் என்று தைத்திரீய உபநிஷதம் விதித்திருப்பதும், மரியாதையின்றி இகழ்ந்து கொடுப்பதைத் தாமஸ தானம் என்று கீதை தள்ளியிருப்பதும் இக்கருத்துப் பற்றியே.

ஆயினும் கொடுத்தல் மட்டுமே போதுமானதன்று. இல்லறத்தாரும் தம் உடைமைக்கு ஓர் எல்லை வகுத்துக்கொள்ள வேண்டும் என்று சமண சமயம் மிகுபொருள் விரும்பாமையை விரதமாக்கிற்று. 1930-இல் எரவாடா சிறையிலிருந்து ஆசிரமவாசிகளுக்குக் கடிதங்கள் எழுதிய காந்தியடிகளோ, திருடாத பொருளேயாயினும் தேவையின்றி வைத்திருந்தால் அதுவும் களவின்பாற்பட்டதே என்றார். புதியது வாங்குவதற்காகப் பழையதைக் கொடுப்பவன் தியாகம் எதுவும் செய்யவில்லை. இடம் மட்டுமே தேடிக்கொள்கிறான்.

ஆகவே, பரணை ஒழிக்க முற்படுகிறவர்கள், எடுத்த துணியைத் துவைத்து, கிழிசலைத் தைத்து, பாத்திரத்தின் ஓட்டையை அடைத்து, இன்னாருக்கு இது வேண்டும் என்று கேட்டறிந்து, தம் கையாலேயே மரியாதையுடன் கொடுப்பார்களாக. ஒழிந்த இடத்தை மறுபடி நிரப்புவதில்லை என்ற சங்கற்பத்தையும் அன்றே செய்துகொள்வார்களாக.