ஒரு பொட்டலத்தின் எடை

பச்சைமலை அடிவாரத்து உப்பிலியபுரத்தில், "அவன் மேல கஞ்சா கேஸ் இருக்கு" என்று ஒரு பையனைப் பற்றி ஒருமுறை பேச்சு வந்துவிட்டால் போதும். பொட்டலம் எத்தனை கிராம், விற்றானா, புகைத்தானா என்று அதற்குப் பிறகு யாரும் விசாரிப்பதில்லை. பெண் கேட்டுப் போகிற வீட்டிலும், வேலை கேட்டு நிற்கிற இடத்திலும் அந்தப் பேச்சு அவனுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும்.

சட்டம் ஊரைவிடப் பொறுமையாகவே கேட்கிறது. 1985-இல் வந்து 2001-இல் திருத்தப்பட்ட போதைப்பொருள் தடுப்புச் சட்டம் தண்டனையைத் தராசில் வைத்து அளக்கிறது. கஞ்சா என்றால் ஒரு கிலோ வரை 'சிறிய அளவு'. அதற்கு ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவைத் தாண்டினால் பத்தாண்டுக்குக் குறையாத சிறை, ஜாமீனும் லேசில் வராது. புகைத்ததற்கு மட்டும் என்றால் ஆறு மாதம் வரை. செடியின் பூத்துக் காய்த்த நுனிதான் சட்டத்தின் கண்ணில் கஞ்சா. நுனி சேராத இலை அதற்குள் வராது; வாரணாசியில் அந்த இலையில் செய்யும் பாங்கை விற்கும் கடைகள் உரிமம் பெற்று நடப்பது அதனால்தான். ஒரே செடிக்கு காசியில் ஒரு நியாயம், காவிரிக் கரையில் ஒரு நியாயம்.

விற்பவனைத் தண்டிப்பதில் இங்கே மறுப்பில்லை. பள்ளிக்கூடத்துப் பையனுக்குப் பொட்டலம் நீட்டுகிறவன் செய்வது வியாபாரம் அல்ல, களவு. ஒரு பிள்ளையின் படிப்பையும் தூக்கத்தையும் அவன் திருடுகிறான். கேள்வி வாங்கியவனைப் பற்றியது. தன் உடம்புக்கும் மனசுக்கும் கெடுதல் செய்துகொண்டவனை, அந்தக் கெடுதலுக்காகவே சிறையில் அடைப்பது அறமா?

அடைக்கத்தான் வேண்டும் என்று சொல்பவர்களில் முதலில் நிற்பவர்கள் தாய்மார்கள். அவர்கள் பேச்சை லேசாகத் தள்ளிவிட முடியாது. வளரும் வயதில் விடாமல் கஞ்சா புகைப்பவர்களுக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதை மருத்துவம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. வீட்டுப் பாத்திரத்தை விற்றவனை, பெற்றவளையே அடையாளம் தெரியாததுபோல் பார்த்தவனைக் கண்ட தாய்க்கு, "அது அவன் சுதந்திரம்" என்று எவரும் பதில் சொல்லக் கூடாது. பதினேழு வயதில் அடிமைப்பட்டுப் போனவனிடம் சுதந்திரம் எங்கே மிச்சமிருக்கிறது?

"அரசே டாஸ்மாக் நடத்துகிறதே, கஞ்சாவுக்கு மட்டும் ஏன் ஜெயில்?" என்ற வாதம் அடிக்கடி எழும். கஞ்சாவை விடுவிக்க இது போதாது. ஒரு தீமையைக் கவுன்ட்டரில் வைத்து விற்பது, இரண்டாவது தீமைக்கு அனுமதிச் சீட்டு ஆகாது. ஆனால் வேறொன்றை இந்த வாதம் காட்டிக்கொடுக்கிறது. 2003 முதல் சில்லறை மது விற்பனையைத் தன் கையில் வைத்திருக்கும் அரசு, போதை ஏறியதே சிறைக்குரிய குற்றம் என்று உண்மையில் நம்பவில்லை. 2019-இல் வெளியான மத்திய அரசின் கணக்கெடுப்பின்படி, நாட்டில் குடியால் உதவி தேவைப்படுவோர் 5.7 கோடிப் பேர். கஞ்சா வகைகளால் 72 லட்சம் பேர். குடித்துச் சீரழிந்தவனை நோயாளி என்கிறோம், மறுவாழ்வு மையத்துக்குக் கூட்டிப்போகிறோம். கஞ்சாக்காரனுக்கும் அந்தப் பரிவு உரியது என்று கேட்பதில் என்ன தவறு?

இந்தக் கேள்வி நமக்குப் புதிதல்ல. 1893-94-இல் ஆங்கில அரசு அமைத்த இந்திய கஞ்சா ஆணையம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, முழுத் தடை வேண்டாம் என்றது. 1961-இன் ஐ.நா. உடன்படிக்கைக்குப் பிறகு தடை நோக்கி நகர்ந்தோம். அந்தப் பழைய அறிக்கையை இன்றைக்கு அப்படியே ஏற்க வேண்டியதில்லை. வீரியம் கூடிய சரக்கும் வயது குறைந்த வாடிக்கையாளரும் அன்றைய காட்சி அல்ல.

சட்டத்தின் தராசு யாரை நிறுக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு வரும் கஞ்சாவில் பெரும்பங்கு ஆந்திர–ஒடிசா எல்லை மலைகளில் விளைகிறது. அங்கே விதைப்பவர்கள் பெரும்பாலும், பச்சைமலையில் மரவள்ளி போடும் மலையாளி என்னும் மலைவாழ் மக்களைப் போலவே, நிலம் குறைந்த பழங்குடிகள். ரயிலில் மூட்டை சுமப்பவன் கூலிக்காரன். இந்த முனையில் பொட்டலத்தோடு சிக்குபவன் ஒரு பையன். இடையில் பணம் போட்டவன் மூட்டையைத் தொடுவதே இல்லை, அதனால் எடைமேடைக்கும் வருவதில்லை.

பையனுக்கு விழும் அடி சிறையோடு நிற்பதுமில்லை. தமிழ்நாடு காவல் பணி விதிகளின்படி, சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். விடியற்காலையில் போலீஸ் தேர்வுக்காக ஓடிப் பழகுகிற பிள்ளைகள் நிறைந்த கிராமங்களில் இதன் பொருள் எல்லோருக்கும் தெரியும். எந்த நீதிபதியும் வாசிக்காத தண்டனை அது. மேல்முறையீட்டில் குறைக்கவும் முடியாது.

போர்ச்சுகல் 2001 முதல், சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பவரை நீதிமன்றத்துக்குப் பதிலாக மருத்துவம், சமூகப்பணி தெரிந்தவர்கள் இருக்கும் குழுவின் முன் நிறுத்துகிறது. விற்பது அங்கே இன்றும் குற்றம்தான். அவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் சட்டத்திலேயே 64ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. சிறிய அளவோடு பிடிபட்ட அடிமை, தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு ஏற்ற மையத்திலோ சிகிச்சை பெற்றால் அவர்மீது வழக்கு நடத்த வேண்டியதில்லை. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தச் சலுகை பறிபோகலாம். 39-ஆம் பிரிவோ, தண்டனை பெற்ற அடிமையையும் சிகிச்சைக்கு அனுப்ப நீதிபதிக்கு வழி வைத்திருக்கிறது. தண்டிக்கும் கையும் தூக்கிவிடும் கையும் ஒரே சட்டத்தில் இருக்கையில், முதல் கையை மட்டும் ஊருக்குக் காட்டுவது நியாயமாகாது.

உப்பிலியபுரத்தில் ஒரு தாய் மகனின் சட்டைப்பையில் பொட்டலத்தைக் கண்டெடுக்கிறாள் என்றால், அன்றைக்கு அவள் யாரிடம் போவாள்? காவல் நிலையத்துக்குப் போக பயம். பக்கத்து வீட்டில் சொல்ல வெட்கம். திருச்சி அரசு மருத்துவமனைக்கோ துறையூர் வழியாகப் பாதி நாள் போய்விடும், கூலியும் போய்விடும். அவள் மறைத்துவிடுகிறாள்; பையன் இன்னும் ஒரு வருடம் புகைக்கிறான். துறையூரில் வாரம் ஒருநாளாவது மனநல மருத்துவர் ஒருவர் இதற்கென்றே உட்கார்ந்து, வந்தவரின் பெயர் காவல் நிலையத்துக்குப் போகாது என்று வாசலில் தமிழில் எழுதி வைத்தால், அவள் அந்தப் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு முதல் பேருந்திலேயே மகனோடு வந்துவிடுவாள்.