நாற்பது டாலர் நகம்

கிட்டார் வாசிப்பவர்கள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்திருக்கும் அந்தச் சின்ன முக்கோணத் தகட்டுக்குப் பெயர் பிக். இசைக்கருவிக் கடையில் ஐம்பது அறுபது ரூபாய்க்குக் கிடைக்கும். அமெரிக்காவின் டென்னஸி மாநிலத்தில், நாக்ஸ்வில் நகரில் புளூசிப் என்றொரு நிறுவனம் இருக்கிறது. அவர்கள் செய்யும் பிக் ஒன்றின் விலை ஏறக்குறைய நாற்பது டாலர். நம் பணத்தில் மூவாயிரம் ரூபாய்க்கு மேல், தபால் செலவு தனி. (பன்மையில் எழுதினால் புத்த பிக்குகள் ஆகிவிடுவார்கள் என்பதால் இந்தக் கட்டுரையில் பிக் எப்போதும் ஒருமைதான்.)

இதைச் சொன்னபோது அலுவலக நண்பன் உடனே கேட்டான்: "மச்சி, கேக்கறவனுக்கு வித்தியாசம் தெரியுமாடா?"

நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கிறது. இசையில் எது மதிப்புள்ளது என்பதைக் கேட்பவரின் காதுதான் தீர்மானிக்கும், வாசிப்பவரின் விரலுக்கு அதில் ஓட்டுரிமை இல்லை என்பது அந்த முடிவு. எனக்கு அதில் உடன்பாடில்லை. முழுக்க மறுக்கவும் முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் வித்தியாசம் என்று ஒன்று இருக்கிறதா? இருக்கிறது. பிக் கம்பியை ஒரு பக்கமாக இழுத்து விடுவிக்கிறது. விடுபடும் அந்தக் கணத்தில் கம்பி என்ன வடிவில் இருந்ததோ அதுதான் ஒலியின் நிறத்தைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது. கூர்மையான முனை கம்பியைக் கூர்மையாக வளைக்கும். மேல் ஸ்வரச்சாயல்கள் நிறைய எழும்பும், ஒலி பளிச்சென்று இருக்கும். மழுங்கிய, தடித்த முனை அவற்றை அமுக்கிவிடும். ஒலி உருண்டையாக வரும். மெல்லிய பிக் கம்பியோடு சேர்ந்து தானும் வளைந்து, விடும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் போடும். கேம்ப்ஃபயர் கிட்டாருக்கு அந்த 'டிக்' அழகு. மாண்டலினுக்குத் தொல்லை.

மாண்டலின்தான் இந்த விவகாரத்தின் மையம். நாலு ஜோடியாக எட்டுக் கம்பிகள். நீளம் குறைவு, இழுவிசை அதிகம். மீட்டிய ஒலி சீக்கிரம் செத்துவிடும். நீண்ட ஸ்வரம் வேண்டுமென்றால் ட்ரெமலோ வாசிக்க வேண்டும்: நொடிக்குப் பத்துத் தடவைபோல மேலும் கீழும். பத்து நிமிடம் ட்ரெமலோ பயிற்சி செய்தால் பிக் ஆறாயிரம் முறை கம்பிகளைக் கடக்கிறது. ஒவ்வொரு கடப்பிலும் ஒரு துளி உராய்வு. பின்னிய கம்பிமேல் சாதாரண பிளாஸ்டிக் விளிம்பு சீக்கிரமே சொரசொரப்பாகிவிடும். பிறகு ஒவ்வொரு மீட்டலிலும் 'கிர்ர்' என்று அரம் தேய்க்கிற சத்தம் லேசாகக் கூடவே வரும்.

புளூசிப் பயன்படுத்துவது எந்திர பேரிங்குகள் போன்ற இடங்களுக்காக உருவான பிளாஸ்டிக் வகை. தேய்மானம் குறைவு, வழுக்கல் அதிகம். விளம்பரம் என்ன சொன்னாலும் அந்தப் பொருளின் வேலையே தேயாமல் உரசுவதுதான். மாண்டலின் மேதை கிறிஸ் தீலியின் பெயரிலேயே சிடி55 என்று ஒன்று விற்கிறார்கள். 55 என்பது தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஐம்பத்தைந்து பங்கு, அதாவது 1.4 மில்லிமீட்டர். பளுகிராஸ் இசைக்காரர்களிடம் இது சீரியஸான விஷயம். அந்த இசையின் தந்தை பில் மன்ரோ வாசித்த 1923ஆம் வருடத்து கிப்ஸன் எஃப்-5 மாதிரியான மாண்டலின் இன்று லட்சம் டாலரைத் தாண்டி விலைபோகிறது. அப்படியொரு கருவியைத் தொடும் பொருளுக்கு நாற்பது டாலரா என்று அவர்களிடம் போய்க் கேட்டால் சிரிப்பார்கள்.

நம் ஊரில் கணக்கு வேறு. மூவாயிரம் ரூபாய் என்பது பல இடங்களில் ஒரு மாத கிட்டார் வகுப்புக் கட்டணம். வகுப்பை விட்டுவிட்டு பிக் வாங்குகிறவரைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை, அதை அவரே கண்டுபிடித்துக்கொள்வார்.

சரி, வித்தியாசம் இருக்கிறது. ஆனால் விரல் பொய் சொல்லாதா? சொல்லும். 2010இல் இண்டியானாபொலிஸ் நகரில் ஒரு சோதனை நடந்தது. 21 வயலின் கலைஞர்கள். ஸ்ட்ராடிவாரி உட்பட மூன்று பழைய வயலின், மூன்று புதிய வயலின். விடுதி அறையில் விளக்கை மங்கலாக்கி, கண்ணுக்கு வெல்டிங் கண்ணாடி மாட்டி, பழைய மரத்தின் வாசனை காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே என்று மோவாய் வைக்கும் இடத்தில் கொஞ்சம் வாசனைத் திரவியமும் தடவிக் கொடுத்தார்கள். பெரும்பாலானவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகத் தேர்ந்தெடுத்தது புதிய வயலினை. இந்தச் சோதனையை எல்லோரும் "பழசு என்பதெல்லாம் மாயை" என்று சொல்வதற்கு எடுத்துக்கொள்கிறார்கள். எனக்குப் பிடித்தது வேறொன்று. தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இருந்தது வாசித்தவர்களின் கைகள். கையை ஒரு சாட்சியாக மதித்து, அதன் கண்ணை மட்டும் கட்டிவிட்டுக் கேட்டிருக்கிறார்கள்.

பிக் விஷயத்தில் அதைக்கூடச் செய்ய முடியாது. அதன் தடிமனும் வழவழப்பும் எடையும்தான் அதன் முகம், அந்த முகத்தைப் பார்ப்பது விரல். விரலின் கண்ணைக் கட்டினால் பிக்கே இல்லை. எனவே நாற்பது டாலரில் எவ்வளவு பொருளுக்கு, எவ்வளவு பெருமைக்கு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அப்படியும் நான் விரலின் பக்கம்தான். தையல்காரரின் கத்திரிக்கோல் எந்தக் கம்பெனி என்று சட்டை போடுகிறவருக்குத் தெரியாது. தச்சர் உளிப்பிடியை மாற்றியது நாற்காலியில் உட்காருபவருக்குத் தெரியாது. நான் எழுதும் கோடை எந்த வாடிக்கையாளரும் திறந்து பார்க்கப்போவதில்லை, ஆனாலும் ஒரு ஃபங்ஷனுக்குச் சரியான பெயர் கிடைக்கும்வரை எனக்கு வேலை ஓடாது. வேலை செய்கிறவர் ஒரு நாளில் பல மணி நேரம் அந்த வேலைக்குள்ளே வாழ்கிறார். அந்த மணி நேரங்கள் எப்படி இருந்தன என்பது வெளியே போகும் பொருளில் தெரியாவிட்டால் அது கணக்கில் வராது என்று சொல்வது முதலாளி பேச்சு. நம்மை நாமே அப்படிப் பேசிக்கொள்ள வேண்டியதில்லை.

ஆனால் 'என் விரலுக்குத் தெரிகிறது' என்ற இதே வாதத்தை இதற்கு முன்பு சொன்னவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இருந்தது ஆமையோடு.

பிளாஸ்டிக்குக்கு முன்பு நல்ல பிக் என்றால் அழுங்காமையின் ஓட்டில் வெட்டியதுதான். அந்த ஓட்டின் தகடுகள் கெரட்டின், நம் நகத்தில் இருப்பதும் கெரட்டின்தான். விறைப்பும் வழுக்கலும் அதில் இயற்கையாகவே சரியான அளவில் இருந்தன. வீணை வாசிப்பவர் நகத்தால் மீட்டும்போது கேட்கும் இதத்தை, கொஞ்சம் வலுவாக, அது கொடுத்தது. உண்மையிலேயே நல்ல பொருள். இந்த அழகான ஓட்டுக்கு உலகம் முழுக்கக் கிராக்கி பழையது. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான பெரிப்ளஸ், முசிறிப் பக்கத்துத் துறைமுகங்களிலிருந்து ஏற்றுமதியான சரக்குகளில் ஆமையோட்டையும் சேர்க்கிறது. சீப்பு, கண்ணாடிச் சட்டம், நகைப்பெட்டி என்று வெட்டி வெட்டி, இன்று அழுங்காமை அழிவின் விளிம்பில் நிற்கிறது. மன்னார் வளைகுடாவிலும் அது இருக்கிறது, அபூர்வமாக. 1975இல் நடைமுறைக்கு வந்த சைட்டீஸ் ஒப்பந்தத்துக்குப் பிறகு அதன் சர்வதேச வணிகம் அடைபட்டது. அந்த ஓட்டுக்கு மாற்றாகத்தான் செல்லுலாய்டு வந்தது. டன்லப் நிறுவனம் டார்டெக்ஸ் என்று பெயரிலேயே ஆமையை வைத்து, மேலே ஆமைப் படமும் அச்சடித்து விற்றது. கடையில் நான் சொன்ன ஐம்பது அறுபது ரூபாய் பிக் பெரும்பாலும் அதுதான்.

பிக் செய்ததால் மட்டும் ஆமை அழியவில்லை, அது சின்னப் பங்கு. ஆனால் ஆமையோடு வைத்திருந்த இசைக்கலைஞரிடம் போய், "கேட்பவருக்கு வித்தியாசம் தெரியுமா?" என்று கேட்டிருந்தால் அவரும் தன் விரலைத்தான் காட்டியிருப்பார். அவர் சொன்னதும் உண்மையாகவே இருந்திருக்கும். விரல் தனக்கு எது நல்லது என்று சரியாகச் சொல்லும். அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்று அதற்குத் தெரியாது.

அந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் நாற்பது டாலர் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. விலை முழுவதையும் கொடுப்பவர் வாங்குகிறவர்தான். ஒரு எந்திரப் பிளாஸ்டிக் துண்டு, பல வருடம் தேயாமல் உழைக்கும், தொலையாமல் இருந்தால்.

தொலையாமல் இருந்தால் என்பதில்தான் எனக்கு இடிக்கிறது. பிக் என்ற பொருளின் இயல்பே தொலைவது. சோபா இடுக்கில், வாஷிங் மெஷினில், கிட்டாரின் வயிற்றுக்குள். யாராவது "ப்ரோ, ஒரு பிக் இருக்கா?" என்று கேட்டால் எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்காமல் வருவதற்கென்றே படைக்கப்பட்ட பொருள் அது. நாற்பது டாலர் பிக் வைத்திருக்கும் ஒருவரை எனக்குத் தெரியும். சின்னத் தகர டப்பாவில், பஞ்சுக்கு நடுவே வைத்திருக்கிறார். நாலு பேர் சேர்ந்து வாசிக்கும்போது யாராவது பிக் கேட்டால் அவர் கை ஒரு நொடி நிற்கும். பிறகு பையின் இன்னொரு அறையிலிருந்து மலிவான ஒன்றை எடுத்துக் கொடுப்பார். அந்த ஒரு நொடி விலைப்பட்டியலில் இல்லை.

நண்பனுக்கு நான் சொன்ன பதில் இதைவிடச் சின்னது. மாண்டலின் வாசிக்கிறாய், தினமும் ஒரு மணி நேரம் ட்ரெமலோ போகிறது, மாதம் ரெண்டு மூணு பிக் தேய்கிறது என்றால் வாங்கு. கிட்டாரில் கார்ட்ஸ் மட்டும் என்றால் வெவ்வேறு தடிமனில் பத்து வாங்கு, ஐந்நூறு அறுநூறு ரூபாய் ஆகும், உன் கைக்கு எது என்று தெரிந்துவிடும். பிரையன் மே பழைய ஆறு பென்ஸ் நாணயத்தால் மீட்டுகிறார், சரோத் கலைஞர்கள் மீட்டும் ஜவா தேங்காய்ச் சிரட்டையில் செதுக்கியது. அவன் அதற்குள் போனில் சிடி55 தேடி, இந்தியாவுக்கு அனுப்ப எவ்வளவு ஆகும் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.