பேப்பர் சுற்றிய பாட்டில்கள்

மதுரை சிம்மக்கல் பக்கம் தள்ளுவண்டியில் திராட்சை விற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். 'கம்பம் பன்னீரு... கம்பம் பன்னீரு...' என்று குரல் கொடுப்பார்கள். விலை கேட்டால் உடனே சொல்ல மாட்டார்கள். கொத்திலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து நம் உள்ளங்கையில் வைத்து, "மொதல்ல வாயில போடுங்கண்ணே, பெறகு வெல பேசுவோம்" என்பார்கள்.

இதைவிட நேர்மையான வியாபாரம் உலகத்தில் இருக்க முடியாது என்பது என் கட்சி. ஏன் என்று சொல்வதற்கு முன்னால், ஒரு மொட்டை மாடிக் கதையைக் கேளுங்கள்.

கே.கே. நகரில் என் பால்ய சிநேகிதன் ஒருவன் இருக்கிறான். கப்பல் கம்பெனியில் பல வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்தவன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் மூன்று பேரைக் கூப்பிட்டான். ஒரு ஆடிட்டர், ஒரு ரிட்டையர்டு பேராசிரியர், நான். மாடியில் மேஜை போட்டு ஐந்து பாட்டில்கள் நிறுத்தியிருந்தான். எல்லாம் சிவப்பு ஒயின். ஒவ்வொன்றையும் பழைய பேப்பரால் சுற்றி, ரப்பர் பேண்ட் மாட்டி, ஸ்கெட்ச் பேனாவால் 1 முதல் 5 வரை நம்பர் போட்டிருந்தான்.

"பேரு தெரியாமக் குடிக்கணும். பிடிச்சது பிடிக்காதது எழுதணும். அம்புட்டுத்தான் மாப்ளே."

(உடனே கடிதம் எழுத உட்காரும் வாசகர்களுக்கு: 'கள்ளுண்ணாமை' என்று திருக்குறளில் ஒரு அதிகாரம் இருப்பது எனக்கும் தெரியும். ஆளுக்கு ஐந்து வாய், அவ்வளவுதான். விஷயம் குடி இல்லை. நாக்குக்கும் நமக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு தீர்ப்புச் சொல்லும் ஓர் ஆசாமி இருக்கிறாரே, அவரைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.)

பரீட்சை எழுதுகிற பயத்தோடு ஆரம்பித்தோம். இரண்டாம் நம்பர் பிரமாதம் என்று எழுதினேன். எழுதியதோடு நிற்காமல், "இது பிரான்ஸ்தான்" என்று சத்தமாக அறிவித்தேன். ஆடிட்டர் மூன்றாம் நம்பரை ஒரு வாய் குடித்துவிட்டு, "உள்ளூர்ச் சரக்கு சார், துவர்க்குது" என்று தள்ளி வைத்தார். நாலாம் நம்பருக்கு நான் கடைசி இடம் கொடுத்தேன். பக்கத்தில் எழுதிய குறிப்பு: 'வாசனை தூக்கல். ஆழம் இல்லை.'

இந்தக் குறிப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருகிறேன்.

பேப்பரைப் பிரித்தான். ஒன்று, நாசிக் பக்கத்து கேபர்னே சாவிஞான். ஆடிட்டர் ஒதுக்கிய மூன்றுதான் அசல் பிரான்ஸ், போர்தோ. ஐந்து, பெங்களூர் புளூ. ஜூஸுக்கும் ஜாமுக்கும் மலிவான போர்ட் ஒயினுக்கும் போகிற திராட்சை.

நான் 'பிரான்ஸ்' என்று பட்டம் சூட்டிய இரண்டாம் நம்பர் சிலி நாட்டுச் சரக்கு. திராட்சையின் பெயர் கார்மெனேர். இதற்கு ஒரு கதை உண்டு. ஒரு காலத்தில் இது பிரான்ஸில் போர்தோ பக்கம்தான் விளைந்தது. 19-ம் நூற்றாண்டில் வேரைத் தின்னும் பூச்சி ஒன்று ஐரோப்பாவின் கொடிகளைச் சூறையாடியபோது அங்கே ஏறக்குறைய காணாமலே போனது. அதற்கு முன்பே கப்பலேறி சிலிக்குப் போயிருந்த கொடிகள் பிழைத்தன. ஆனால் அங்கே எல்லோரும் அதை மெர்லோ என்றே நினைத்து வளர்த்தார்கள், மெர்லோ என்றே விற்றார்கள். உலகமும் மெர்லோ என்றே குடித்தது. 1994-ல் ழான் மிஷேல் பூர்சிகோ என்ற பிரெஞ்சு நிபுணர் சிலிக்குப் போய் இலையையும் கொடியையும் பார்த்துவிட்டு, 'இது மெர்லோ இல்லையே, நாம் தொலைத்த கார்மெனேர் அல்லவா' என்றார். நேற்றும் இன்றும் அதே கொடி, அதே பழம். மாறியது பெயர் மட்டும்.

சரி, நாலாம் நம்பர்? நீங்கள் ஊகித்திருப்பீர்கள். நம்ம கம்பம் பன்னீர்!

தள்ளுவண்டியில் விற்கும் அதே பழம்தான். தாவர சாஸ்திரக்காரர்கள் இதை மஸ்கட் ஹாம்பர்க் என்பார்கள். ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. முல்லைப் பெரியாறு அணை 1895-ல் கட்டி முடிந்து, மேற்கே போகவேண்டிய தண்ணீர் கிழக்கே திரும்பி வந்த பள்ளத்தாக்கில், சுருளிப்பட்டி, கூடலூர், காமயகவுண்டன்பட்டி என்று பந்தல் பந்தலாகப் படர்ந்து கிடக்கிறது. மற்ற ஊர்களில் சீசனுக்குத்தான் திராட்சை. இங்கே வருஷம் பூராவும் ஏதாவது ஒரு தோட்டத்தில் வெட்டு நடந்துகொண்டே இருக்கும். 1996-ல் தேனி தனி மாவட்டமாகும் வரை அதெல்லாம் மதுரை மாவட்டம்தான். பழைய ஆட்களுக்கு இன்னும் 'எங்க ஜில்லா பழம்'. 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனால் ஒயின் உலகத்துப் பெரிய மனிதர்களைக் கேட்டால், 'அது சாப்பிடுகிற திராட்சை ஆயிற்றே' என்று மரியாதையாக ஒதுக்கிவிடுவார்கள்.

இனிமேல்தான் வேடிக்கை. பெயர் தெரிந்தவுடன் ஆடிட்டர் மூன்றாம் நம்பரை மறுபடி எடுத்தார். ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். "காத்துப் பட்டதும் இப்ப நல்லா வந்திருக்கு" என்றார். பேராசிரியர் நாலாம் நம்பரை எடுத்தார். "அடடா... இதுல நம்ம மண் வாசனை இருக்குய்யா" என்றார். பத்து நிமிஷத்துக்கு முன்னால் அவர் அதற்குக் கொடுத்திருந்தது பத்துக்கு மூன்று. நானும் குடித்தேன். கல்யாண வீட்டு வாசலில் பன்னீர்ச் செம்போடு ஒரு சிறுமி நிற்பாளே, அந்த வாசனை வந்தது. சத்தியமாக வந்தது. முதல் தடவை அது எங்கே போயிருந்தது?

எங்கள் மூன்று பேரையும் போலி என்று சொல்லிவிட்டுச் சிரிக்கலாம். சிநேகிதன் அதைத்தான் செய்தான். ஆனால் விஷயம் அவ்வளவு சுலபம் இல்லை.

2001-ல் பிரான்ஸில் ஓர் ஆராய்ச்சி. ஒயின் படிப்புப் படிக்கும் 54 மாணவர்களிடம் வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். வெள்ளை ஒயினுக்குப் பயன்படுத்தும் வர்ணனைகளை விட்டுவிட்டு, சிவப்பு ஒயினுக்கு எழுதுவதைப் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தார்கள். 2008-ல் வெளியான கலிபோர்னியா ஆராய்ச்சி இன்னும் ஒரு படி மேலே. 20 பேரை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து, குழாய் வழியாக ஒயின் கொடுத்தார்கள். ஒரே ஒயினை ஒரு தடவை 5 டாலர் என்றார்கள், இன்னொரு தடவை 45 டாலர் என்றார்கள். விலை அதிகம் என்று சொன்னபோது 'நன்றாயிருக்கிறது' என்றார்கள். அது எதிர்பார்த்ததுதான். ஆனால் மூளையில் இன்பத்தோடு சம்பந்தப்பட்ட பகுதியும் அப்போது கூடுதலாக வேலை செய்ததாம்.

கவனியுங்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு நிஜமாகவே ருசித்திருக்கிறது. எங்கள் ஆடிட்டரும் பொய் சொல்லவில்லை.

எனக்குத் தூக்கம் கெட்டது இந்த இடத்தில்தான். பாரபட்சம் என்பது 'நான் பாரபட்சம்' என்று போர்டு மாட்டிக்கொண்டு வருவதில்லை. ரசனை மாதிரி, அனுபவம் மாதிரி, நியாயமான தீர்ப்பு மாதிரி வேஷம் கட்டிக்கொண்டு வருகிறது. நமக்கே அடையாளம் தெரிவதில்லை.

இப்போது அந்தக் குறிப்புக்கு வருகிறேன். 'வாசனை தூக்கல். ஆழம் இல்லை.' இதே வார்த்தைகளை ஏற்கெனவே ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். ஒயினைப் பற்றி அல்ல.

பல வருஷங்களுக்கு முன்பு, ஒரு பத்திரிகை அலுவலகத்தில் உதவி ஆசிரியர் வேலைக்கு ஆள் எடுத்தோம். தேர்வு செய்த மூவரில் நானும் ஒருவன். கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த பெரிய கல்லூரி. இன்னொரு பையன் உசிலம்பட்டிப் பக்கம். நான் அதுவரை கேள்விப்படாத ஒரு கல்லூரி. இருவரும் ஆளுக்கொரு கட்டுரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். பையனுடைய கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு நான் சொன்னேன்: "கிராமத்து வாசனை தூக்கலா இருக்கு. ஆழம் இல்ல." மற்ற இருவரும் தலையாட்டினார்கள். அவ்வளவுதான், முடிந்தது.

அந்தக் கட்டுரை நல்ல கட்டுரையா? இன்றுவரை எனக்குத் தெரியாது. பயோடேட்டாவை முதலில் படித்தேன். அதற்குப் பிறகு கட்டுரையின் மேல் கண்ணை ஓட்டினேன், படித்த மாதிரியே இருந்தது.

இதில் எனக்குக் கூடுதல் வெட்கம் என்னவென்றால், நானே பெரிய பெயரில்லாத ஒரு கல்லூரியில் பி.காம். படித்தவன். எங்களுக்குப் பரீட்சைப் பேப்பர் திருத்தும்போது பதிவு எண்ணை மறைத்து டம்மி நம்பர் போடுவார்கள். பாட்டிலுக்குப் பேப்பர் சுற்றுகிற அதே வேலை. அந்த டம்மி நம்பர் தயவில் மார்க் வாங்கி வெளியே வந்தவன், நாற்காலியில் உட்கார்ந்ததும் முதலில் லேபிளைப் படித்திருக்கிறேன்.

கணக்குப் பதிவியலில் 'குட்வில்' என்று ஒன்று சொல்லிக் கொடுப்பார்கள். ஒரு வியாபாரத்தின் நற்பெயர். அதற்கும் ஒரு மதிப்பு உண்டு. விதி என்ன தெரியுமா? இன்னொருவரிடமிருந்து காசு கொடுத்து வாங்கிய குட்வில்லை மட்டும்தான் ஐந்தொகையில் சொத்தாகக் காட்டலாம். நீங்களாகவே வருஷக்கணக்காக உழைத்து வளர்த்ததைக் காட்டக் கூடாது. காமர்ஸுக்கு இந்த விதி சரியாக இருக்கலாம். மனிதர்களுக்கும் நாம் இதையே வைத்திருக்கிறோம் என்பதுதான் சங்கடம்.

நம் ஊரில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் என்ன கேட்கிறோம்? "அண்ணனுக்கு எந்தூரு?" சரி. அடுத்தது? "ஊர்ல எந்தத் தெரு?" இந்த இரண்டாவது கேள்வி எதற்கு என்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். லேபிளைப் படித்தாயிற்று. இனி அந்த மனிதர் என்ன பேசினாலும் அதன் ருசி ஏற்கெனவே முடிவாகிவிட்டது.

வெளியூர் லேபிள் மோகம் மதுரைக்குப் புதுசும் இல்லை. புறநானூற்றில் 56-ம் பாட்டில், யவனர்கள் கொண்டுவந்த மதுவைக் குடித்து இனிது வாழச் சொல்லிப் பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார் நக்கீரர். அரசனுக்குக் கடல் தாண்டி வந்தது. வீட்டில் அரிசியில் செய்த தோப்பிக் கள் மற்றவர்களுக்கு!

அப்படியானால் பெயரே பார்க்கக் கூடாதா என்று கேட்பீர்கள். நாளைக்கு எனக்கு இதய ஆபரேஷன் என்றால், டாக்டர் முகத்தில் பேப்பர் சுற்றி நிறுத்தினால் படுப்பேனா? மாட்டேன். ருசி பார்க்க முடியாத இடத்தில் பெயர் ஒரு வாக்குறுதி, அதை நம்பித்தான் ஆகவேண்டும். ஆனால் ருசி பார்க்க முடிகிற இடத்திலும், கட்டுரை கையிலேயே இருக்கும்போதும், ஆள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போதும் பெயரை முதலில் படிப்பது சோம்பேறித்தனம். அந்தச் சோம்பேறித்தனத்துக்கு விலை கொடுப்பது நாமில்லை, எதிரில் இருப்பவர்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பேராசிரியரின் 'மண் வாசனை'யும் எனக்குச் சம்மதமில்லை. உள்ளூர் என்பதற்காக மூன்று மார்க்கை எட்டாக்குவதும் லேபிள் பார்த்து மார்க் போடுவதுதான். பன்னீருக்கு அந்தப் பிச்சை வேண்டாம். அந்தப் பையனும் பரிதாபத்தைக் கேட்டு வரவில்லை. அவன் கேட்டது, முழுசாக ஒரு தடவை படிப்பதைத்தான். அதோடு, எந்த அளவுகோல் என்றும் யோசிக்க வேண்டும். பன்னீரில் போர்தோவின் துவர்ப்பைத் தேடிவிட்டு 'ஆழம் இல்லை' என்பது, இட்லியைக் கடித்துவிட்டு முறுமுறுப்பு இல்லை என்பது மாதிரி. அது வாசனைக்கென்றே பிறந்த பழம். கலிபோர்னியாவில் இதே திராட்சையை பிளாக் மஸ்கட் என்று அழைத்து, சாப்பாட்டுக்குப் பின் குடிக்கும் இனிப்பு ஒயின் செய்கிறார்கள்.

இப்போதெல்லாம் யாராவது எழுதியதைக் கொண்டுவந்தால், பயோடேட்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுத்தை முதலில் படிக்கிறேன். முழுசாக மாறிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். கை தன்னையறியாமல் அந்தக் காகிதத்தைத் திருப்பப் போகும். அப்போது தள்ளுவண்டிக்காரரை நினைத்துக்கொள்வேன். மொதல்ல வாயில போடுங்கண்ணே.

அந்தப் பையன் இப்போது எங்கே இருக்கிறான், என்ன செய்கிறான், தெரியாது. தேடிப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லலாம் என்று பார்த்தால் அவன் பெயர் ஞாபகம் வரமாட்டேன் என்கிறது.

கல்லூரியின் பெயர் மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.