தடம் தெரியாத வேலை

தமிழில் தயிரையும் கடைகிறோம், கீரையையும் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். மூன்றுக்கும் வினை ஒன்றுதான். ஆனால் வகுப்பில் ‘கடைதல்’ என்று எழுதி, யார் செய்வது என்று கேட்டால் மாணவிகள் ‘அம்மா’, ‘பாட்டி’ என்கிறார்கள். ‘கடைசல்’ என்று எழுதினால் ‘ஆசாரி’ என்கிறார்கள். விகுதி மாறியதும் ஆள் மாறிவிடுகிறார். ஒன்று வீட்டு வேலை, மற்றது கலை.

செயலைப் பார்த்தால் இவ்வளவு தூரம் இல்லை. மத்தின் தண்டில் கயிற்றைச் சுற்றி, இரு முனைகளையும் மாறி மாறி இழுத்தால் மத்து முன்னும் பின்னும் சுழலும். மின்சாரம் வருவதற்கு முன்பிருந்த கயிற்றுக் கடைசலிலும் இதேதான். மரத்துண்டைச் சுற்றிய கயிற்றை ஒருவர் இழுப்பார். இன்னொருவர் உளியைப் பிடிப்பார். உளி பிடித்தவர் கைவினைஞர் ஆனார். கயிறு இழுத்தவர் பெண்ணாகவும் இருக்கலாம், சிறுவனாகவும் இருக்கலாம். செய்து முடித்த பொருளில் அது தெரியாது.

தயிர் கடைவது எப்போதுமே கணக்கில் வராத வேலையாக இருந்ததா? பெரும்பாணாற்றுப்படையில் வரும் ஆய்மகள் விடியலில் தயிர் கடைகிறாள், மோரை விற்கிறாள். நெய்க்குப் பொன்னை ஏற்காமல் எருமையும் பசுவும் கன்றும் வாங்குகிறாள். அவளுடைய கடைதலுக்கு விலை உண்டு. அந்த விலை எந்த வடிவில் வரவேண்டும் என்று சொல்லும் அதிகாரமும் அவளிடம் இருக்கிறது. அந்தக் கணக்கைக் காண முடியாமல் போனது, அதே வேலை வீட்டுக்குள் ‘கடமை’ என்று பெயர் மாறியபோதுதான்.

இந்தக் கேள்வியோடு ஓர் அலங்கார மரச்சாடியைப் பார்க்கலாம். பெங்களூருக்கும் மைசூருக்கும் இடையே உள்ள சன்னபட்டணா இத்தகைய அரக்குப் பூச்சுக் கடைசலுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே வழிவழியாகப் பயன்படுத்தும் மரம் பாலை. வெட்பாலை என்றும் சொல்வோம். வெளிர்நிறம், நெருங்கிய இழை, உளிக்கு இணக்கமானது. ஈரம் போக உலர்த்திய துண்டைக் கடைசலில் பூட்டி, முதலில் உருளையாக்குவார்கள். பிறகு வயிறு, கழுத்து, விளிம்பு. குறுகிய வாய்கொண்ட சாடி என்றால் உட்புறத்தைக் குடைவது கடினம். உளியின் முனை கண்ணுக்குத் தெரியாது. மரத்தின் ஓசை மாறுவதைக் கேட்டு, சுவர் எவ்வளவு மெலிந்தது என்று கணிக்க வேண்டும். ஒரு நொடி தவறினால் சுவர் கிழியும்.

இவ்வளவும் முடிந்த பிறகு நேர்த்தி தொடங்குகிறது. நேர்த்தி என்றால் உளி பட்ட தடங்களை அழிப்பது. முதலில் சொரசொரப்பான உப்புத்தாள், பிறகு மென்மையானது. அப்புறம் சுழலும் மரத்தின்மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்துவார்கள். உராய்வின் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் பற்றும். அதைத் தாழை ஓலையால் அழுத்தித் தேய்த்தால் சீராகப் பரவி, பளபளப்பு வரும். இப்போது அந்தச் சாடி யாருடைய கையும் படாமல் தானே விளைந்த பழம்போல இருக்கும்.

தடம் தெரியாத வேலையே நல்ல வேலை என்பது கடைசலுக்குச் சரி. கீறலுள்ள சாடியை யாரும் விரும்பமாட்டார்கள், நானும்தான். ஆனால் இந்த விதியை வேலையிலிருந்து ஆளுக்கு நகர்த்தும்போது அநீதி தொடங்குகிறது. நன்றாக நடக்கும் வீட்டில் உழைப்பு கண்ணில் படுவதில்லை. துணி மடிந்திருக்கும், பால் காய்ந்திருக்கும், தரை உலர்ந்திருக்கும். ஒருநாள் நின்றுபோனால்தான் ‘யார் செய்வது?’ என்ற கேள்வி எழும். உளியின் தடத்தை அழிப்பதும் உளி பிடித்தவரை அழிப்பதும் வேறு வேறு. முன்னது அழகுக்குத் தேவை. பின்னது எதற்கும் தேவையில்லை.

அம்பாசமுத்திரத்தின் மரச்செப்புகளும் கடைசலில் பிறந்து அரக்கு பூசப்பட்டவைதான். சின்ன அடுப்பு, சின்னப் பானை, சின்ன உரல். அவற்றைக் கடைந்தவருக்குக் குறைவாகவேனும் கூலி உண்டு. அவற்றை வைத்து விளையாடிப் பழகும் சிறுமி, வளர்ந்து அதே வேலையை நிஜப் பானையில் செய்யும்போது கூலி என்ற சொல்லே அபத்தமாகத் தோன்றும்படி செய்திருக்கிறோம்.

அந்தப் பளபளப்பைத் தரும் அரக்கைச் சுரப்பதிலும் பெரும்பங்கு பெண்பூச்சிக்குத்தான். புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளையில் ஓரிடத்தில் பதிந்தபின் அவள் நகர்வதில்லை. கால்கள் அற்றுப்போகின்றன. சுரந்த அரக்கே கூடாகிறது. அதற்குள் முட்டையிட்டு அதற்குள்ளேயே மடிகிறாள். இதைத் தியாகக் கதையாக்க எனக்கு விருப்பமில்லை. பூச்சிக்கு வேறு வழி கிடையாது. நமக்கு உண்டு. தியாகம் என்று பெயரிட்டு ஒருத்தியின் உழைப்பை இயற்கை ஆக்குவது, கணக்குக் கேட்க விடாமல் செய்யும் பழைய உத்தி.

சன்னபட்டணாப் பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அது ஊரின் பெயரைக் காக்கிறது; நல்லதுதான். இன்று அங்கே பெண்களும் கடைசலில் உட்கார்கிறார்கள். ஆனால் கடையில் வாங்கும் சாடியைத் திருப்பிப் பார்த்தால் அடியில் விலைச்சீட்டு இருக்கும். கடைந்தவர் பெயர் அநேகமாக இருக்காது. உப்புத்தாள் எட்டாத ஒரே இடம் உட்புறம். குறுகிய வாய் வழியாக விரலை விட்டால் சில சாடிகளில் உளியின் வளையங்கள் தட்டுப்படும்.

நாம் செய்யக்கூடியது சிறியது. ஒரு பொருளின் அழகைச் சொல்லும் மூச்சிலேயே ‘யார் கடைந்தது? அவருக்கு என்ன கிடைத்தது?’ என்று கேட்கலாம். கடையில் மட்டும் கேட்டால் போதாது. கீரைக் கடைசல் பரிமாறப்படும் மேசையிலும் கேட்க வேண்டும்.