நட்டைத் தட்டிப் பார்த்தவர்

சூரியநெல்லியில் விடியற்காலை நாலரை மணி. எங்களைக் கொழுக்குமலைக்கு ஏற்றிப்போக வந்த ஜீப் டிரைவர், செல்போன் வெளிச்சத்தில் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். ஒவ்வொரு சக்கரத்திலும் குனிந்து, ஸ்பேனரால் நட்டுகளைத் தட்டிப் பார்த்தார். பிறகுதான் "ஏறுங்கண்ணே" என்றார்.

என் வீட்டார் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். நான் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். என் பிழைப்பும் அதுதான். ஒரகடத்தில் ஒரு கார் ஆலையில், லைனின் கடைசியில் நிற்பவன் நான். சக்கர நட்டுகளை 100 நியூட்டன் மீட்டருக்கு மேல் இயந்திரம் முறுக்கி அனுப்பும். டார்க் ரென்ச்சை வைத்து அழுத்தி, 'டக்' என்று கேட்டதும் மஞ்சள் கோடு இழுப்பேன். அடுத்த வண்டி வந்துவிடும். அதில் யார் உட்காரப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் சான்ட்ரோ கார் வெளிவந்ததிலிருந்து எங்கள் ஏரிக்கரை ஊர்கள் எத்தனை குடும்பங்களுக்கு வண்டி செய்து அனுப்பியிருக்கும்! அந்தக் குடும்பங்களில் ஒன்றின் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை.

கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருந்தாலும் ஜீப் போகும் வழி இடுக்கிப் பக்கம்தான். தார் என்பதே கிடையாது, பாறையும் பள்ளமும்தான். வண்டி ஒருபக்கம் சாயும்போதெல்லாம் என் மனைவி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். வண்டிக்குள் ஒரு சின்னக் கடகடச் சத்தம் கேட்டாலும் அதைத் தேடிப்பிடித்து நீக்குவது எங்கள் ஆலை வேலை. இங்கே வண்டி முழுவதுமே கடகடத்தது. ஆனால் டிரைவர் ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டவே இல்லை. லேசாகப் பிடித்திருந்தார், அது திரும்புகிற பக்கம் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்.

"இருட்டுல வழி எப்படித் தம்பி தெரியுது?"

"கல்லு எல்லாம் அதது எடத்துலதானண்ணே இருக்கு. பெருமழை பேஞ்சா மட்டும் எடம் மாறும். அன்னைக்கு மொதல்ல எறங்கி நடந்து பாத்துருவோம்."

இந்தப் பதில் இன்னும் என்னை விடவில்லை. எங்களிடம் எல்லாம் தாளில் இருக்கிறது. எந்த நட்டு, எத்தனை சுற்று, யார் கையெழுத்து என்று. அவரிடம் இருப்பது கால்களால் படித்த வழி. தெரிந்த பாதையைக்கூட மழைக்குப் பிறகு தெரியாத பாதையாக நினைத்து இறங்கி நடக்கிற பணிவை எந்தத் தாளில் எழுதுவது?

7,000 அடிக்கு மேல் நின்றபோது போடிப் பக்கத்துச் சமவெளியை மேகம் மூடியிருந்தது. மேகத்தின் விளிம்பு சிவந்தது. எல்லாரும் படம் எடுத்தார்கள். டிரைவர் கீழே குரங்கணிக்கு இறங்கும் சரிவைக் கைகாட்டினார், ஒன்றும் சொல்லவில்லை. 2018 மார்ச் 11 அன்று இந்த மலையிலிருந்து நடந்து இறங்கியவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 20 பேருக்கு மேல் இறந்தார்கள். சென்னையிலிருந்து விடுமுறைக்கு வந்த இளம்பிள்ளைகள் அவர்களில் பலர். அவர்களும் எங்களைப் போலத்தான் அதிகாலை வெளிச்சத்தைப் பார்க்க ஆசைப்பட்டு வந்திருப்பார்கள். கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சே வரவில்லை.

மறுநாள் மூணாறு பக்கத்தில் ஒரு பூங்காவில் என் மகன் ஏடிவி என்கிற நாலு சக்கர மண்பாதை வண்டியை ஓட்டினான். பழைய டயர்களால் வேலி கட்டிய மண்பாதை. பின்னாலேயே ஒரு வழிகாட்டி. "ஜீப்பைவிட இதுதான்ப்பா நல்லாருக்கு, என் கையில இருக்கு" என்றான். அந்த வயதில் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அவன் வண்டியின் அச்சும் பிரேக்கும் எங்கோ ஒருவர் சரிபார்த்து அனுப்பியவை. தன் கையில் இருப்பதாக நாம் நினைக்கும் வண்டியில் எத்தனை பேருடைய கை இருக்கிறது என்று அவனுக்கு அன்றைக்கு நான் சொல்லவில்லை. சந்தோஷமாக இருந்தான்.

திங்கட்கிழமை ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். நாலே முக்காலுக்குக் கம்பெனி பஸ் வந்தது. ஏறுவதற்கு முன் முன்சக்கரத்தைப் பார்த்தேன். நட்டுகளின் மேல் புழுதி, நடுவில் ஒன்றில் மட்டும் புதிதாகத் துடைத்த தடம். ஸ்டீயரிங்கில் இருந்தவரை ஆறு வருடமாகத் தெரியும், பெயர் தெரியாது. கேட்டேன்.