கழித்தல்

மெல்லிய கம்பிவலை ஒன்றின் மேல் ஒரே நிற ஒளியைப் பாய்ச்சி, பின்னால் ஒரு லென்ஸை வைத்தால் தூரத்துத் திரையில் வலையின் பிம்பம் விழும். இது பள்ளிக்கூடத்துச் சங்கதி. பிம்பம் விழுவதற்கு முன்பே லென்ஸின் குவியத் தளத்தில் வேறொன்று நடந்து முடிந்துவிடுகிறது என்பதுதான் விஷயம். கம்பிகளில் பட்டு விலகிய ஒளி அங்கே வரிசை வரிசையான புள்ளிகளாகத் திரள்கிறது. வலை அங்கே இல்லை. இந்தப் புள்ளிகளில் எவை லென்ஸுக்குள் அகப்படுகின்றனவோ அவை மறுபடி கூடித்தான் பிம்பம் உண்டாகிறது என்று யேனாவில் எர்ன்ஸ்ட் அபே 1873இல் எழுதினார், மைக்ராஸ்கோப்பை முன்னிட்டு. 1906இல் போர்ட்டர் அதைக் கண்ணுக்குக் காட்டினார். குவியத் தளத்தில் செங்குத்தான ஒரு பிளவை வைத்தால் திரையில் படுக்கைக் கம்பிகள் மட்டும் மிஞ்சுகின்றன. நிற்கும் கம்பிகளைக் காணோம். வலையை யாரும் தொடவில்லை.

இதுவரை சரி. ஆனால் புள்ளிகளை மையத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக மறைத்தால் திரையில் கோடுகள் இரட்டிக்கின்றன. இல்லாத கம்பிகள் தெரிகின்றன. எனக்கு உறுத்துவது இந்த இடம். சேர்ப்பதுதான் பொய், விட்டுவிடுவது அவ்வளவு பெரிய குற்றமில்லை என்று ஒரு சௌகரியமான நியாயம் நம்மிடம் உண்டு. சரித்திரக்காரன், சாட்சி, தொகுப்பாசிரியன் எல்லோரும் அதன் நிழலில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். (நானும் தொகுத்திருக்கிறேன்.) இங்கே வெளியிலிருந்து ஒரு துளி ஒளிகூட வரவில்லை. கழித்ததே இட்டுக்கட்டியதாகிவிட்டது.

இன்னொன்று. குவியத் தளத்தில் 'இடம்' என்பது கிடையாது. ஃபூரியரின் கணிதப்படி ஒவ்வொரு புள்ளியிலும் வலை முழுவதும் பங்கு கொண்டிருக்கிறது. எனவே ஒரு மூலையில் உள்ள கறையை மட்டும் அங்கே துடைக்க முடியாது. 1966, 67இல் லூனார் ஆர்பிட்டர் அனுப்பிய சந்திரப் படங்கள் பட்டை பட்டையாக ஒட்டியவை. ஒட்டிய கோடுகளை இந்த முறையில் நீக்கிக் காட்டியிருக்கிறார்கள். படம் சுத்தமாகிறது. சந்திரனின் தரையிலேயே அதே திசையில், அதே இடைவெளியில் ஏதேனும் இருந்தால் அதுவும் சேர்ந்து போகும்.

அப்படியானால் எதையும் வடிகட்டாத பார்வையே நேர்மையானது என்று சொல்லத் தோன்றும். அப்படி ஒன்று இல்லை. லென்ஸின் விளிம்பே ஒரு வடிகட்டி. மிக நுணுக்கமான விவரங்களைச் சுமந்து வெகுவாக விலகிச் செல்லும் ஒளி அதற்கு வெளியே போய்விடுகிறது. ஸெர்னிக்கின் விஷயம் இன்னும் சிக்கலானது. உயிருள்ள செல் கண்ணாடி மாதிரி. சாதாரண மைக்ராஸ்கோப்பில் ஏறக்குறைய ஒன்றும் தெரியாது. தெரிய வேண்டுமென்றால் சாயமேற்ற வேண்டும், பெரும்பாலும் அதைக் கொன்றுவிட்டு. ஸெர்னிக் குவியத் தளத்தில் நடு ஒளியை மட்டும் கால் அலை நகர்த்தி, கொஞ்சம் மங்கவும் வைத்தார். உயிரோடிருக்கும் செல் அப்படியே தெரிந்தது. 1932இல் அவர் இதை யேனாவுக்கே, அபேயின் கம்பெனிக்கே கொண்டுபோனபோது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1953இல் நோபல் பரிசு. தலையிட்டதால்தான் உண்மை தெரிந்தது. ஆனால் அந்தப் பிம்பத்திலும் செல்லைச் சுற்றி ஓர் ஒளிவளையம் விழுகிறது. செல்லில் அது இல்லை. மைக்ராஸ்கோப்காரர்கள் அதை அறிவார்கள், கணக்கில் கழித்துக்கொண்டு பார்க்கிறார்கள்.

போர்ட்டரின் திரைக்கு எதிரில் உட்கார்ந்திருப்பவனுக்கு அந்த வசதி இல்லை. இரட்டித்த கோடுகளில் எது கம்பி, எது இல்லாத கம்பி என்று எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் பிரிக்க முடியாது. எல்லாக் கோடுகளும் ஒரே கூர்மை.